மேளம் வைக்காத ஊர்

போன வாரம் ஊரப்பாக்கத்தில் ஒரு சவ ஊர்வலம் ஜி.எஸ்.டி. ரோட்டையே மறித்துக்கொண்டு போனது. மேளம், சரவெடி, பஸ் ஜன்னல் வழியாக உள்ளே வந்த மருந்துப் புகை. பக்கத்து சீட்காரர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு முனுசாமியின் அப்பா ஞாபகம் வந்துவிட்டார். அவரை ஒரு சத்தமும் இல்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரி, பெயர் வேண்டாம். நான் வனத்துறையில் புது கிளார்க். எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரிசு. கடைவீதியில் கூவிக் கூவி ஜவுளி விற்ற குடும்பம், வேறெப்படி இருக்கும்? ஏரிக்கரையில் கால் வைத்த அன்றே ஒருவர் என்னை அதட்டினார்.

"இன்னா பாய், மெதுவா பேசு. மேல பறவ முட்டையில குந்திகினு கீது."

அவர்தான் முனுசாமி. அப்புறம் சிநேகிதராகிவிட்டார். மரமெல்லாம் நாரையும் கூழைக்கடாவும். எச்சம் கலந்த அந்த ஏரித் தண்ணீருக்கு ஒரு நாற்றம் உண்டு. அது பாய்ந்த வயலுக்கு உரம் வேண்டாம் என்பார்கள். அதற்காக மட்டுமில்லை, பறவைகள்மேல் பாசமும்தான். பறவை இருக்கிற மாதங்களில் ஊரில் வெடி கிடையாது, கல்யாணத்துக்குக்கூட மேளம் கிடையாது. வெள்ளைக்காரத் துரைகள் துப்பாக்கியோடு வந்தபோது ஊரே திரண்டு மறித்ததாம். ஒரு தை மாசம் முனுசாமியின் அப்பா இறந்தார். பெற்றவரை மேளம் இல்லாமல் அனுப்புகிறோமே என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார் முனுசாமி. பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்குப் பிறகு டில்லியில் காட்டுயிர்களுக்கென்று புதுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த ஏரிக்கு அது முள்கம்பியாகத்தான் வந்து சேர்ந்தது. மாடு இறங்கக்கூடாது, வண்டல் அள்ளக்கூடாது. ஊரை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கோடையில் வண்டல் அள்ளிய முனுசாமியை வண்டிமாட்டோடு பிடித்து வந்து ஆபீஸ் வாசலில் உட்கார வைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை.

"எங்க நைனாவுக்கே மேளம் வெக்கல பாய். வெள்ளக்காரன் சுட வந்தப்ப காப்பாத்துனது நாங்க. நம்ம கவர்மெண்ட்டு வந்து எங்களையே திருடன்னுது."

அந்தத் தீபாவளிக்கு வழக்கம்போல் அதிரசம் தின்னப் போனேன். அவர் வீட்டில் இல்லை. கையில் சரவெடியோடு கரைமேல் நின்றிருந்தார்.

"வேணாம் முனுசாமி."

"கம்பி காவல் காக்கட்டும் பாய். எனக்கின்னா?"

பற்றவைத்துவிட்டார். அப்போதுதான் வந்திறங்கியிருந்த பறவைகள் மொத்தமாக எழும்பின. அதைப் பார்த்ததும் மனுஷன் பதறிப்போய் வெறுங்காலால் சரத்தை மிதித்து அணைக்கப் பார்த்தார். சரவெடி நிற்குமா? கடைசி வெடிவரை வெடித்துத்தான் ஓய்ந்தது. கால் வெந்து கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருட்டும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பக்கத்திலேயே இருந்தேன்.

அடுத்த வருஷம் எல்லா வீட்டிலும் வெடித்தார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் ஆபீஸிலிருந்து ஆள் போய் ஏரிக்கரையில் ஒரு பலகை நட்டது: 'சத்தம் போடாதீர்கள்.' அந்த ஊருக்கு அதை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை.