கட்டிங் கேட்டதற்கு என் சைக்கிளைப் பூட்டியவர்

சென்னியப்பன் அண்ணன் போய்விட்டார்.

செம்பூரில் இருக்கும் அவர் மகள் இப்போதுதான் போன் பண்ணினாள். ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்... ஊரிலேயே.

தாராவி ஆட்களுக்கு அவரைத் தெரியும். புது பிரெண்ட்ஸுக்காகச் சொல்கிறேன். நாமக்கல் தாண்டி ஹைவேயில் டீக்கடை வைத்திருந்தவர். நான் தாராவியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் தனி ஆளாக சைக்கிள் மிதித்துப் போனேனே, அந்த வழியில் கிடைத்த மனுஷன்.

கியர் கூட இல்லாத சைக்கிள். கிளம்பும்போது நம்ம பேக் தைக்கிற ஒர்க்ஷாப் ஆட்கள் மாலை போட்டு, "அண்ணாச்சி, லோனாவாலா தாண்டுனதும் லாரியில ஏறிட்டு, மிதிச்சே போனேன்னு பீலா விடப்படாது, என்ன?" என்றார்கள்.

"அடுத்தவன் வண்டியில ஒரு அடி ஏறுனேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்கலே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

கர்நாடகா முழுக்க வெயில். நோ பிராப்ளம். பெங்களூர் பக்கம் காரில் போனவன் எல்லாம் நிறுத்தி என்னோடு செல்பி எடுத்தான். டிராபிக் ஜாம்.

நாமக்கல் தாண்டித்தான் மழை பிடித்தது. மழையா அது? நம்ம பம்பாய் ஜூலை மழை எல்லாம் அதற்கு முன்னால் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. ஒரு ஆட்டோ ஆளோடு மிதந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

பிரேக் பிடிக்கவில்லை. செருப்பை ரோட்டில் உரசி உரசித்தான் அந்த டீக்கடை முன்னால் நின்றேன். உடம்பெல்லாம் உதறல்... கண் சிவந்து போச்சு.

உள்ளே ஒரு லாரி டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏறுங்கண்ணே, சைக்கிளை மேல போட்டுக்கலாம். மதுரையில எறக்கி விடுறேன்" என்றார்.

அந்த நேரம் என் மனசு பாதி லாரியில் ஏறிவிட்டது.

ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கலாம் என்று கடைக்காரரிடம் திரும்பினேன். குளிர், பழக்க தோஷம்... "அண்ணாச்சி, ஒரு கட்டிங் குடுங்க" என்றேன்.

நம்ம பம்பாயில் கட்டிங் என்றால் அரை கிளாஸ் டீ. அங்கே கட்டிங் என்றால் ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டு அடிப்பது. சின்ன வயசிலேயே ரயிலேறியவனுக்கு இது எங்கே தெரியும்?

"ஏனுங்க, பொழுது விடிஞ்சதுமேவா? இது டீக்கடைங்க."

"அதான் கேக்கேன். டீக்கடையில கட்டிங் இல்லாம வேற எங்க இருக்கும்? எங்க ஊர்ல கோயிலுக்குப் போயிட்டு வந்து குடும்பத்தோட நின்னு கட்டிங் அடிப்போம்."

"குடும்பத்தோடவா?"

"எங்க வீட்டுக்காரி காலையில எந்திச்சதும் ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் அடுப்பையே பத்த வைப்பா!"

மனுஷன் உள்ளே போய் ஒரு சங்கிலியும் பூட்டும் எடுத்து வந்து, என் சைக்கிளைக் கொட்டகைத் தூணோடு சேர்த்துப் பூட்டி, சாவியை டவுசர் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த மழைல, இந்த ரோட்டுல, தண்ணியப் போட்டுட்டு சைக்கிளா? நான் வுடமாட்டனுங்க. தெளிஞ்சதுக்கப்புறம் போங்க."

நான் தமிழில் கத்தினேன், ஹிந்தியில் கத்தினேன், தெரிந்த மராத்தியிலும் கத்தினேன். கத்தக் கத்த அவருக்குச் சந்தேகம் கூடிப்போச்சு. லாரிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார்... போய்விட்டார்.

கடைசியில் "ஊதுங்க" என்றார். ஊதினேன்.

"வெங்காய வாசந்தானுங்க வருது..."

கிளாஸை எடுத்து நடுவில் விரலை வைத்துக் காட்டினேன். "அரை கிளாஸ் டீ, அண்ணாச்சி! அதுக்குப் பேருதான் கட்டிங்!"

கிளாஸைப் பார்த்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்தார். "அடக் கெரகமே... லாரி போயிருச்சுங்களே" என்றார்.

துண்டு கொடுத்தார். அடுப்புப் பக்கம் பெஞ்சை இழுத்துப் போட்டார். முழு கிளாஸ் டீ. மழை விட்டதும் கிளம்பினேன். திருநெல்வேலி போய்த்தான் இறங்கினேன். பேர் மாறவில்லை.

அதற்கப்புறம் பம்பாயில் மழை என்று டிவியில் வந்தால் போதும், போன் வந்துவிடும். "பம்பாய்க்காரரே, வூட்ல எல்லாருக்கும் கட்டிங் ஆச்சுங்களா?"

பேத்தி பிறந்தபோது செம்பூர் வந்தார். தாராவிக்குக் கூட்டி வந்தேன். எங்கள் முக்கு டீக்கடையில் நின்று என் காதில், "இங்க சத்தமாவே கேக்கலாமுங்களா?" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு கட்டிங்!"

கிளாஸ் வந்தது. தூக்கிப் பார்த்தார். "இத்துனூண்டா? இதுக்காங்க அன்னைக்கு அத்தன அக்கப்போரு?"

ஒர்க்ஷாப் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "உள்ளதச் சொல்லுங்க, இவரு லாரியில தானே போனாரு?"

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "லாரியா? டிரைவரு கையைப் புடிச்சு இழுத்தானுங்க. இவரு சைக்கிளோட தன்னையும் சேத்துச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கிட்டாருங்க. சாவி என்ற கையில. நாந்தான் சாட்சி."

அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்?

காலையிலிருந்து இங்கே மழை. போனை வைத்துவிட்டு முக்குக் கடைக்குப் போய் முழு கிளாஸ் கேட்டேன். "கியா சாச்சா, ஆஜ் ஃபுல்?" என்றான் டீக்காரன்.

ஆமாம்பா, இன்றைக்கு ஃபுல்.

பார்த்துப் போங்கண்ணே... போகிற ஊரில் கட்டிங் என்றால் என்ன அர்த்தமோ, விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.