நல்லா கெட்டுப்போன ரேடியோ ஒண்ணு

அப்பா பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன மறுநாளே எங்கள் கூடுவாஞ்சேரி வீட்டின் சமையலறை வாசலில் டியூட்டிக்கு வந்துவிட்டார். காலமெல்லாம் படிக்கட்டு ஓரம் நின்று பழகியவருக்கு நிற்க ஒரு வாசல் வேண்டியிருந்தது.

"கடுகு பொரிஞ்சிச்சு பாரு, வெங்காயத்த போடு. ஆங், தக்காளி... ரைட்!"

விசில் ஒன்றுதான் பாக்கி. அம்மா கரண்டியோடு என்னிடம் வருவாள். "உங்க நைனாவ இட்டுனு போய் எங்கனா வுட்டுட்டு வாடா. செங்கல்பட்டு வரைக்கும் டிக்கெட் நான் எடுக்கறேன்."

என்னைப் பத்தாவதிலேயே பள்ளிக்கூடம் இறக்கிவிட்டுவிட்டது. அதிலிருந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வீடு மாறுகிறவர்களின் கட்டிலும் பீரோவும்தான் என் பிழைப்பு. படூரில் ஃபிளாட்டைக் காலி செய்த ஒரு குடும்பம், பரணிலிருந்து இறங்கிய பழைய வால்வு ரேடியோவை என் தலையில் கட்டியது. விறகாக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். கண்டக்டர் ஆவதற்கு முன்னால் ரேடியோ மெக்கானிக் வேலை படித்தவராம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அன்று மதியம் சாம்பாரில் உப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அம்மா அவர் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள்.

இருட்டில் கையை வைத்து ஷாக் வாங்கப்போகிறாரே என்று நானும் ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கி அவர் மேஜையில் மாட்டிவிட்டேன். சென்னைக்கு ரயிலேறிப் போய் கண்டன்சர் வாங்கி வந்தார். வால்வுகளைக் கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்தார். ஒருநாள் டயலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. கூடவே சத்தமும் வந்தது. கொர்ர்ர்ர். மாவு மில்லுக்குள் உட்கார்ந்து யாரோ செய்தி வாசிக்கிறார்கள்.

மறுபடி பிரித்தார், மாற்றினார், மாடியில் ஏரியல் கட்டினார். அதே மாவு மில்.

"இன்னா நைனா, அரிசி அரைச்சு முடிஞ்சிச்சா? கோதும போடலாமா?"

"மூட்றா. வேல பாத்துகினு கீறேன்ல."

ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதே கிண்டலைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. சால்ட்ரிங் கோலைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரியாத்தான் கீது. என் கையி போச்சா, காது போச்சா, ஒண்ணும் தெரியல. எடுத்துனு போய் பழைய இரும்புக் கடையில போட்ருடா."

கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட குரல் அது. இப்போது மேஜையைத் தாண்டவில்லை. அம்மா ஓடிவந்தாள். "அதுக்குள்ள இன்னாங்க அவசரம்? இன்னொரு வாட்டி பாருங்களேன்." சொல்லும்போதே அவள் கண் ஒருமுறை சமையலறை வாசலுக்குப் போய் வந்தது.

ரேடியோ இன்னும் அரைத்துக்கொண்டே இருந்தது. என் போனில் வேறு சார்ஜ் இல்லை. சார்ஜர் சொருக இடம் வேண்டுமே என்று விளக்கின் பிளக்கைப் பிடுங்கினேன்.

மாவு மில் நின்றுவிட்டது.

"கடலோர மாவட்டங்களில் லேசான மழை பெய்யக்கூடும்" என்றது ஒரு பெண் குரல், எங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து சொல்வதுபோல.

அப்பா அசையவில்லை. "சொருவு" என்றார். சொருகினேன். கொர்ர்ர். "புடுங்கு." மழை. "சொருவு." கொர்ர்ர்.

"டேய்! நீ வாங்கியாந்த லைட்டாடா இத்தினி நாளா என்ன பேஜாரு பண்ணிச்சு?"

"மலிவா குடுத்தான் நைனா."

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ரேடியோவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "என் காது நல்லாத்தான் கீது."

அடுத்த இரண்டு நாள் தெருவே வந்து கேட்டது. வந்தவர்களை விளக்கை அணைத்து உட்கார வைத்தார். மூன்றாம் நாள் கேட்க ஆளில்லை. ரேடியோ தானாகப் பாடிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் குரல்: "எண்ணெ காயவே இல்லியே, அதுக்குள்ள கடுகா?"

அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். "அந்த லைட்ட நீ புடுங்காமலே இருந்திருக்கலாம்டா. இன்னொண்ணு எடுத்துனு வா. நல்லா கெட்டுப்போனதா பாரு."

மாமல்லபுரத்துக்கு லோடு போனபோது, டூரிஸ்டுகளுக்குப் பழைய சாமான் விற்கும் கடையில் நுழைந்தேன். கடைக்காரர் ஆசையாக ஒரு ரேடியோவைப் போட்டுக் காட்டினார். "கணீர்னு பாடும் பா."

"வேணாம் அண்ணாத்த. பாடாதது எதுனா கீதா?"

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். பின்பலகை இல்லை. எலி குடும்பம் நடத்திவிட்டுப் போன வாடை. "இது ஜென்மத்துக்கும் பாடாது."

"அதான் வோணும்."

வீட்டில் அப்பா அந்த விளக்கைத்தான் போட்டுக்கொண்டு குனிந்தார். வேலை பார்க்கும்போது எரியலாம், கேட்கும்போது அணைத்தால் போதுமாம்.

"டேய், ஒரு ஒயர் வுட்டு வெக்கல எலி! ரொம்ப மோசமா கீதுடா!" முகமெல்லாம் சந்தோஷம். "ஆறு மாசமாவது ஆவும்."

"ஆவட்டும், ஆவட்டும்" என்றாள் அம்மா உள்ளிருந்து. "நிதானமா பாருங்க."

சமையலறையில் கடுகு வெடித்தது. அப்பா தலையைத் தூக்கவில்லை.