அங்காளம்மாளின் நேர்முடி

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்னும் டச்சுக்காரர் கோட்டை கட்டித் துணி வாணிபம் செய்த காலத்தில், ஏரிக்கரைக் குப்பமொன்றில் அங்காளம்மாள் என்றொருத்தி இருந்தாள். புருஷன் துளசிங்கம் ஏரியில் வலை போடுகிறவன். அவள் கிளிஞ்சல் சுடும் காளவாயில் கூலிக்குப் போனாள். கோட்டைச் சுவருக்கும் கிடங்குகளுக்கும் ஓயாமல் சுண்ணாம்பு தேவைப்பட்டது. வெந்த கிளிஞ்சலைத் தண்ணீரில் கொட்டி நீற்றுகிற வேலை அவளுக்கு. கொதித்துப் பொங்கும் தொட்டியருகே நின்று மேலே தெறிக்காமல் கிளற அவளைப் போல் யாருக்கும் வராது. இருபத்தெட்டு வயது. கட்டான உடம்பு, வேகமான கை. குறை சொல்ல அவளிடம் ஒன்றுதான் இருந்தது. தலைமுடி.

சுருட்டை என்றால் அப்படியொரு சுருட்டை. சீப்பு உள்ளே போனால் பல் உடைந்துதான் வெளியே வரும். எத்தனை எண்ணெய் வைத்தாலும் அடங்காமல் காதோரம் எழும்பி நிற்கும். தேவகி வருகிறவரை அங்காளம்மாள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

தேவகி, துளசிங்கத்தின் தம்பி ராஜவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு பசியாவரத்திலிருந்து வந்தவள். படகிலிருந்து இறங்கும்போது அவளுடைய கொண்டை அவிழ்ந்தது. ஒரு வளைவு, ஒரு நெளிவு இல்லாமல் முடி முழங்கால் வரை இறங்கியது. கரையில் நின்ற பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். மாமியார் கோவிந்தம்மா அன்று மாலையே மருமகளை உட்கார வைத்துத் தன் கையால் தலை வாரிவிட்டாள். அங்காளம்மாள் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். ஒரு நாள்கூட அந்தக் கை அவள் தலையில் பட்டதில்லை.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது பொறாமை. தேவகி தலை துவட்ட முற்றத்தில் நின்றால், காற்று வரும் பக்கம் பார்த்து அங்காளம்மாள் ஈரவிறகை வைத்து அடுப்பு மூட்டுவாள். புகை போய் அந்த முடியில் படியட்டும் என்றுதான். தேவகி வாரியபின் தரையில் உதிர்ந்த முடியை எண்ணிப் பார்ப்பாள். மூன்று, நான்கு. அதற்குமேல் ஒரு நாளும் கொட்டியதில்லை. அதுவும் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அண்ணனும் தம்பியும் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். துளசிங்கம் ஒரு முடிச்சோடு மல்லாடிவிட்டு, “இது இன்னாடா, எங்க ஊட்டுக்காரி தலை மாதிரி கீது!” என்று சிரித்தான். ராஜவேலுவும் சிரித்தான். மீன் ஆய்ந்துகொண்டிருந்த தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். உதடு மட்டும் லேசாக விரிந்தது. அந்தச் சிரிப்பைத்தான் அங்காளம்மாளால் மறக்க முடியவில்லை.

வழி அவளுடைய தொட்டியிலேயே இருந்தது. காளவாய்ச் சாம்பல் கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் ஒருநாள் அவள் கையையும் மீறித் தெறித்து, முக்காட்டுக்கு வெளியே வந்திருந்த முன்முடியில் பட்டு ஊறியிருக்கிறது. வேலை முடிந்து முகம் கழுவும்போது தடவிப் பார்த்தாள். அந்த ஒரு கொத்து மட்டும் நேராகத் தொங்கியது. மறுநாளும் அப்படியே இருந்தது. தலை முழுகியும் சுருளவில்லை.

அவள் அவசரக்காரி இல்லை. சீப்பில் வந்த தன் முடியையெல்லாம் சேர்த்துவைத்து, கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பும் சாம்பல் தண்ணீரும் கலந்து அதில் போட்டுப் பார்த்தாள். கோட்டையில் அரை மணிக்கொரு தரம் மணி அடிப்பார்கள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் எடுத்த முடி நேரானது. அடுத்த மணி அடித்தபின் எடுத்தது நேராக இருந்தாலும் இழுத்தால் அறுந்தது. இன்னொரு மணி விட்டுப் பார்த்தபோது முடியே இல்லை. கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று விரலில் ஒட்டியது.

தோல் பதனிடும் வீட்டுக்காரி லத்தீபா, தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு வாங்க வாரா வாரம் காளவாய்க்கு வருவாள். அவளிடம் அங்காளம்மாள் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டாள். லத்தீபா அவளுடைய முன்முடியைப் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது.

“ஆட்டுத் தோல்ல மயிர் போவணும்னுதானே நாங்க இதுல ஊறப்போடறோம்? நீ போயி தலையில அப்பிக்கறேன்ற.”

“கொஞ்ச நேரந்தான் பீவி. ஒடனே கழுவிடுவேன்.”

“மண்டைத் தோலு ஆட்டுத் தோலு மாதிரி செத்தது இல்ல அங்காளி. வெந்துபூடும். கண்ணுல பட்டா பார்வையே போயிடும். அப்புறம், வளர்ற முடி எப்படி வளரும்? சுருட்டையாத்தான் வளரும். மறுபடி போடுவே. மறுபடி, மறுபடி. எத்தினி தாங்கும்?”

அங்காளம்மாள் நான்கு நாள் யோசித்தாள். கண் போனால் காளவாய் வேலை போகும். மண்டை வெந்தால் ஊர் சிரிக்கும். லத்தீபா சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஐந்தாம் நாள் கோவிந்தம்மா, தேவகியின் சடைக்குத் தாழம்பூ வைத்துத் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதோடு யோசனை முடிந்தது.

எல்லாரும் பொன்னேரிச் சந்தைக்குப் போயிருந்த பகலில் போட்டாள். நெற்றியிலும் காதோரத்திலும் நல்லெண்ணெய் தடவி, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, மரச்சீப்பால் இழுத்து இழுத்து வாரினாள். மண்டை காந்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கோட்டை மணி அடிக்கும் முன்பே புளித்த மோரை ஊற்றி அலசினாள். காதுக்குப் பின்னால் இரண்டு இடத்தில் தோல் உரிந்தது. முடியோ இடுப்பு வரை நேராக விழுந்தது. சுருண்டிருந்தபோது அது இத்தனை நீளம் என்று அவளுக்கே தெரியாது.

குப்பமே வந்து பார்த்தது. மாமியார் தொட்டுப் பார்த்து, “இன்னாடி பண்ணே?” என்றாள். துளசிங்கம் சாப்பிடும்போது இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தான். “மூலிகைத் தைலம்” என்று சொல்லிவிட்டு, அங்காளம்மாள் தேவகியின் முகத்தைத்தான் பார்த்தாள். அதில் கொஞ்சமாவது வாட்டம் இருக்க வேண்டும் என்று தேடினாள். தேவகி, “நல்லாக்குது அக்கா” என்றாள், மனசார. அங்காளம்மாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இரண்டு மாதத்தில் அடிமுடி சுருண்டு எழும்பியது. மறுபடி போட்டாள். அடிக்கு மட்டும் போட முடியவில்லை, நேரான முடியிலும் பட்டது. மூன்றாம் தரம் போட்டபோது சீப்போடு கொத்தாக வந்தது. உச்சிக்குப் பின்னால் உள்ளங்கையகலம் வழுக்கையாகிவிட்டது. வேலைக்கு என்று கட்டும் முக்காட்டை அவள் இப்போது வீட்டிலும் அவிழ்ப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை பெற்று எழுந்த தேவகிக்குத் தலை முழுக்கப் பேன். வேப்பெண்ணெய் தடவியும் போகவில்லை. கோவிந்தம்மா, பச்சைப் பிள்ளைக்கும் ஏறிவிடும், மொட்டையடித்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தாள்.

தேவகி அங்காளம்மாளிடம் வந்தாள். “அக்கா, உன் தைலம் சுண்ணாம்புன்னு எனக்குத் தெரியும், வாசனை வருது. எனக்கும் போட்டுவுடேன். பேனெல்லாம் செத்துடும்.”

“வேணாம்.”

“இன்னாக்கா?”

“வேணாம்னா வேணாம். ஒத்துக்காது.”

“உனக்கு மட்டும் ஒத்துக்கிச்சே!”

முக்காட்டை அவிழ்த்துக் காட்டியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். இவளுக்கா காட்டுவது? ஊரில் யார் பார்த்தாலும் இவள் பார்க்கக்கூடாது. அங்காளம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் தண்ணீர்த்துறையில் அவள் காதுபடவே பேசினார்கள்: “ஓரகத்தி தலை நல்லா இருந்துடப் போவுதேன்னு மருந்தைத் தரமாட்டேன்றா. பொறாமைக்காரி.” இத்தனை நாள் பொறாமையில் வெந்தபோது யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒரு தரம் நல்லது சொன்னதற்கு இந்தப் பெயர்.

இரண்டு நாள் கழித்து, காளவாயில் கிளறிக்கொண்டிருந்தவள், தேவகி பின்பக்கமாக வந்து நீற்றின சுண்ணாம்பைச் சட்டியில் அள்ளிப்போவதைக் கண்டாள். அப்போதுதான் நீற்றியது, சூடு இறங்காதது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. துடுப்பைப் பிடித்தபடி நின்றாள். போகட்டும். நான்தான் வேணாம்னு சொல்லிட்டேனே. அந்த முழங்கால் முடி கஞ்சியாகக் கரைந்து வழிவதை மனதில் பார்த்தாள். இனித்தது. அந்த இனிப்பை அவள் பிறகு ஒருநாளும் தனக்குள் மறுத்துக்கொண்டதில்லை.

கோட்டை மணி அடித்தது. அங்காளம்மாள் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டுக்குப் பின்னால் தேவகி குந்தியிருந்தாள். வலப்பக்கம் முழுக்க அப்பியிருந்தாள். “எரியுதுக்கா, எரியுது” என்று கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். அங்காளம்மாள் அவள் கழுத்தைப் பின்னால் சாய்த்து, கண்ணில் இறங்காமல் கையை அணை வைத்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு மோர், மறுபடி தண்ணீர். ஒரு பக்கத்து முடி கையோடு வந்தது. கொத்து கொத்தாக.

தேவகி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “உனக்கு ஒண்ணும் ஆவலியே! எனக்கு மட்டும் ஏன்? நீ எதையோ மறைச்சுட்டே!”

அங்காளம்மாள் முக்காட்டை அவிழ்த்தாள். முடி விட்டுப்போன உச்சி, கருகின தோல், அங்கங்கே நீண்டு தொங்கும் நாலு நேரான இழை. தேவகி கிட்ட வந்து பார்த்தாள்.

“பார்த்துக்கோ,” என்றாள் அங்காளம்மாள். “இதைத்தான் மறைச்சேன்.”

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“உன்னப் பார்த்துத்தான்.”

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரையும் அங்காளம்மாள் அவள் தலையில் ஊற்றினாள்.

பேனுக்காகத் தேவகிக்கு மொட்டை அடித்தார்கள். அங்காளம்மாளும் தேவகியின் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்லி அதே நாளில் மொட்டை போட்டுக்கொண்டாள். குப்பத்தில் அவளை மெச்சினார்கள். தேவகி உண்மையை யாரிடமும் சொல்லவில்லை, ராஜவேலுவிடம்கூட. ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அங்காளம்மாள் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பாள். இதிலும் தேவகிதான் மேல் என்று ஆகிப்போனது.

ஒரு வருஷத்தில் இருவருக்கும் முடி வந்தது. தேவகியுடையது நேராக, அங்காளம்மாளுடையது உச்சியில் ஒரு வழுக்கைத் திட்டோடு பழைய சுருட்டையாக. கோவிந்தம்மா மறுபடி சின்ன மருமகளை உட்கார வைத்துத் தலை வாரினாள். அங்காளம்மாள் அவர்களைக் கடந்து காளவாய்க்குப் போனாள். வயிறு எரிந்தது. அன்று எழுபது கூடை வெந்த கிளிஞ்சல் இறங்கியிருந்தது, பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் நீற்றி முடித்தாள்.