கட்டிக்கினவனுக்குத்தான் பாடு

எங்க பழவேற்காட்டு ஏரியில ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆவாத ஆம்பளைக்கு அதுல பாடு கிடையாது. பாடுன்னா முறை. வருசத்துக்கு ஒரு தரம் ஊர் கூடி ஓலை நறுக்குல பேரெழுதிச் சட்டியில போட்டுச் சீட்டெடுத்து, எந்த எடத்துல யாரு என்னிக்கு வலை கட்டறதுன்னு பிரிச்சிக்கும். அதனால எங்க வூட்டுக்காரருக்கு ஏரியில எடம் வந்ததே என்னாலதான். அதுவரைக்கும் அண்ணன் வலையில கயிறு இழுத்துக்கினு இருந்தவரு. என் கழுத்துல தாலி ஏறினப்புறந்தான் அவரு பேரு சீட்டுல ஏறிச்சு. இதை நான் தெனமும் சொல்லிக் காட்டுவேன். அவரும் சிரிச்சிக்குவாரு, வேற இன்னா பண்ணுவாரு?

முதல் சீட்டுலயே அவருக்கு நல்ல எடமா வுழுந்தது. எறா கூட்டமா வர்ற தொறை. வம்பும் அங்கதான் இருந்தது.

அந்தத் தொறைக்கு மேல இருந்த மணல்மேடு முன்ன வெறும் தாழம்புதரும் பனையுமா கெடந்தது. கோட்டையில பெரிய வேலையில இருந்த ஒல்லாந்துக்காரத் தொரை ஒருத்தரு அதைத் தனக்குன்னு எழுதி வாங்கித் தோட்டம் போட்டாரு. தாழைய வெட்டித் தள்ளிட்டு தென்னை வச்சாரு, மா வச்சாரு, கப்பல்ல வந்த பேர் தெரியாத மரமெல்லாம் வச்சாரு. நடுவுல செங்கல் வூடு. கெணறு வெட்டி, எறைக்கிறதுக்குன்னே ஆளுங்க. பொய் சொல்லக்கூடாது, பாக்க அழகாத்தான் இருந்தது. மீன் வித்துட்டு வர்றப்ப கூடைய எறக்கி வச்சிட்டு வேலியோரம் நெழல்ல நிப்போம். வெளியில வுழுற மாங்கா எங்களுது.

அந்த அழகு கரையோட நின்னிருந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல. மனுசனுக்கு ஆசை வுடுமா? பனங்கழிய வெட்டி வேலிய தண்ணிக்குள்ள மார்பளவு ஆழம் வரைக்கும் இழுத்துட்டாரு. தோட்டத்துக்கு எதிர்ல இருக்கிற ஏரியும் தோட்டமாம். எங்க தொறை வேலிக்குள்ள மாட்டிக்கிச்சு. மறுநாள் எங்க முறை. புதுசா பாடு வாங்கினவன் முதல் முறைய வுட்டுட்டா அந்த வருசம் பூரா அவனுக்குப் பாடு இல்ல, அதுவும் வழக்கந்தான். எங்க வூட்டுக்காரரு திரும்பவும் அண்ணன் கயித்தைப் புடிக்கணும். என் ஓரகத்தி அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வறுத்தெடுத்துடுவா.

ஊரே கெளம்பித் தோட்டத்துக்குப் போனோம். ஆம்பளைங்க முன்னாடி, நாங்க பின்னாடி. தொரை படியில உக்காந்திருந்தாரு. பக்கத்துல பேச்சை மாத்திச் சொல்ற துபாசி. அவரு மேற்கால நெல்லு வெளையிற ஊர்க்காரரு, ஏரிப் பேச்சு தெரியாது. இந்தத் தண்ணி யாருதுன்னு தொரை கேட்டாரு. எங்க ஊர்த்தலைவரு, இன்னிக்கு இவன் பாடு, நாளைக்கு அவன் பாடுன்னு சொன்னாரு. துபாசி அதை அப்படியே, இன்னிக்கு இவனுக்குக் கஷ்டம், நாளைக்கு அவனுக்குக் கஷ்டம்னு சொல்லி வச்சிட்டாரு போல. தொரைக்கு மனசு எளகிப் போச்சு. உள்ளேருந்து ஒரு மூட்டை அரிசி வந்து எங்க முன்னாடி எறங்குது. நாங்க இன்னா எழவுன்னு தெரியாம முழிக்கிறோம்.

அப்புறம் தலைவரு மணல்ல குச்சியால ஏரியப் போட்டு, கோடு கிழிச்சு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஆளை நிக்க வச்சுக் காட்டினாரு. தொரை எறங்கி வந்து குனிஞ்சு பாத்தாரு. புரிஞ்சிடுச்சு. புரிஞ்சதும் நல்ல யோசனை ஒண்ணு வந்துடுச்சு அவருக்கு. அப்படின்னா எனக்கும் ஒரு பாடு குடுங்க, வேலியப் பிரிச்சிடறேன்னாரு. தலைவரு தலையச் சொறியறாரு. முடியாதுன்னா வேலி நிக்கும், சரின்னா வழக்கம் போச்சு.

என் வாய் சும்மா இருக்குமா?

“கட்டிக்கினவனுக்குத்தான் பாடு. தொரைக்குப் பொண்டாட்டி எங்கன்னு கேளுங்க.”

சொன்னப்புறந்தான் ஜன்னலப் பாத்தேன். அங்க இடுப்புல கொழந்தையோட ஒருத்தி நின்னுக்கினு இருந்தா. நம்ம பழவேற்காட்டுப் பொண்ணுதான். அந்த வூட்டை நடத்தறது அவ. கொழந்தைக்குத் தொரையோட கண்ணு. அவளுக்கு அங்க இன்னா மொறைன்னு மட்டும் யாரும் கேட்டதில்ல. பொம்பளைங்க சிரிப்பை அடக்க முடியாம முந்தானைய வாயில வச்சிக்கினாங்க. துபாசி வாயத் தொறக்கல. ஆனா அந்த அளவு தமிழ் தொரைக்குத் தெரியும் போல, மொகம் செவந்து போச்சு. எழுந்து உள்ள போயிட்டாரு.

 வூட்டுக்கு வந்ததும் எங்க வூட்டுக்காரரு, தவளை தன் வாயால கெடும், நீ என்னையும் சேத்துக் கெடுத்துட்டன்னாரு. வாயுள்ள புள்ள பொழைச்சிக்கும்னு நானும் சொல்லிட்டேன்.

விடிஞ்சதும் அவரு எழுந்துக்கவே இல்ல. நானே வலைய இழுத்துக்கினு போய் படகுல போட்டு, ஏறிக் குந்திக்கினேன். ஊர் சிரிக்கும்னு பயந்து ஓடி வந்தாரு.

தொறைக்குப் போனா, வேலியில பெரிய வழி. ரெண்டாளுங்க கழியப் புடுங்கிக்கினு இருந்தாங்க. நேத்து ஜன்னல்ல பாத்தவ கரையில நின்னு வேலை வாங்கறா. தொரை சொன்னாரான்னு சேவகன் மொணமொணன்னு கேட்டிருக்கான். நான் சொல்றேன், புடுங்குன்னாளாம்.

அன்னிக்கு வந்த எறா இருக்கே, வலைக்குள்ள கொதிக்கிற சோறு மாதிரி குதிச்சது. எங்க வூட்டுக்காரரு மொகத்தைப் பாக்கணுமே, தன் வலை, தன் மொறை! ஒரு கூடை எறாவத் தூக்கிக்கினு நான் கரையேறிப் போயி, கோவிச்சிக்காதக்கான்னு அவ முன்னாடி வச்சேன்.

அவ குனிஞ்சு எறாவத் தொட்டுப் பாத்தா. “எனக்கு இன்னா கோவம் தங்கச்சி? இத்தினி வருசமா நான் கேக்கத் துணியாதத நீ கேட்டுட்ட.”

அடுத்த வருசச் சீட்டு வர்றதுக்குள்ள, கோட்டைக்குள்ள அவங்க கோயில்ல தொரைக்கும் அவளுக்கும் கல்யாணம்னு காதுல வுழுந்தது. நான் நம்பல. சீட்டு நாளன்னிக்குத் தொரை தொப்பியக் கையில புடிச்சிக்கினு வந்து வரிசையில நின்னாரு, கூட அவ. புதுசா வர்ற எல்லாரையும் கேக்கறாப்பல அவரையும் தலைவரு கேட்டாரு, கட்டிக்கினவனான்னு. தொரை தமிழைத் தேடறதுக்குள்ள அவ முந்திக்கினா.

“ஆமா. என்னைத்தான்.”

ஒருத்தரும் சிரிக்கல. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. தலைவரு சீட்டுச் சட்டியத் தொரை பக்கம் நீட்டினாரு.