போன் அக்கா அடித்த பெயர்

பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'போன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷமாக அதே வேலை. காலை ஒன்பதரைக்கு வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் வரும், வீடுவீடாகப் போன் போட்டு, "உங்க புள்ள எங்க?" என்று கேட்க வேண்டும். பெற்றவர்கள் விடும் கதை இருக்கிறதே, அப்பப்பா! ஒரு அப்பா ஒரே வருஷத்தில் தன் மாமனாரை மூன்று தடவை சாகடித்தார். யாரிடம் காது குத்துகிறார்கள்? "அதெல்லாம் இருக்கட்டும், நாளைக்கு நீங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போடுங்க," என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய்க்குப் பயந்தே பல பிள்ளைகள் ஊர் சுற்றாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தன.

சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரைதான் பிள்ளைகள் கெட்டுப்போகும் நேரம் என்று தலைமையாசிரியையிடம் மல்லுக்கு நின்று, கைப்பந்து, ஓவியம், தையல் என்று வகுப்புகள் தொடங்க வைத்ததும் அவள்தான். அதற்கும் ஒரு பட்டியல் மறுநாள் காலை அவள் மேஜைக்கு வரும். அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் அவள் மகள் கைப்பந்தில் சேர்ந்திருந்தாள்.

போன மாதம் ஒருநாள், வராதவர்கள் பட்டியலில் மகளின் பெயர் இருந்தது. வீட்டில் கேட்டாள்.

"வந்தேம்மா, கோச் சரியா பாக்கல."

கோச்சுக்குத்தான் கண் பிசகியிருக்கும் என்று பெயரை அடித்துவிட்டாள். மறுநாளும் வந்தது, அடித்தாள். இப்படி ஒன்பது நாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் போன் போட்டு உலுக்கியவளுக்குத் தன் பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வரத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அலுவலகப் போன் அடித்தது. பக்கத்துத் தெரு ஃபேன்ஸி கடைக்காரர்.

"மேடம், உங்க ஸ்கூல் பொண்ணு ஒண்ணு இங்க திருடி மாட்டிக்கிச்சு. பேரு கேட்டா வாயே திறக்கல. போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னு..."

'பெத்தா மட்டும் போதுமா?' என்று அந்தத் தாயைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தாள். கடையின் உள்ளறையில், நாலு லிப்ஸ்டிக் பரப்பியிருந்த மேஜைக்குப் பக்கத்தில், சீருடையோடு உட்கார்ந்திருந்தது அவள் மகள்.

கடைக்காரர் நல்ல மனுஷர். ஒரு தாளை நீட்டினார். "போலீசெல்லாம் வேணாம் மேடம். ஸ்கூல் சார்பா ஒரு கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. பாவம், பெத்தவங்களுக்குத் தெரிய வேணாம்."

சொல்லிவிடாதே என்று மகளின் கண் கெஞ்சியது. கையெழுத்துப் போட்டால் போதும், விஷயம் இந்த அறையோடு போய்விடும். பதினாலு வருஷ மரியாதை மிஞ்சும். பேனாவை வாங்கியவள் அதைத் தாளின் மேல் வைத்துவிட்டாள்.

"ஸ்கூல் சார்பா போட முடியாதுங்க," என்றாள். "நான் இவளோட அம்மா."

கடைக்காரர் தாளையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒன்பது நாளா பட்டியல்ல இவ பேரு வந்துச்சு. நான்தான் அடிச்சேன். நாளைக்கு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த பெண், "அம்மா, நீ எதுக்கும்மா..." என்று உடைந்து அழுதது.

"அழுகையெல்லாம் அப்புறம். எழுந்திரு, அவர்கிட்ட மன்னிப்புக் கேளு."

மகள் எழுந்து வாயைத் திறப்பதற்குள் அம்மாவே முந்திக்கொண்டு, "மன்னிச்சிருங்க," என்றாள்.