நாலாம் அறையின் குளிர்

நாலாம் குளிர் அறையில், கதவுக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. நிலம் துடைத்த துணியைப் பிழிந்து அதில்தான் தொங்கவிடுவேன். மறுநாள் காலை எடுக்கும்போது துணி குளிர்ந்து போயிருக்கும், ஆனால் மெத்தென்று இருக்கும். ஒருநாள் காலை கையை வைத்தேன். துணி கருவாடு போல விறைத்து, தொங்கிய மடிப்புக் குலையாமல் அப்படியே கையில் வந்தது. கதவுக்கு வெளியே, குளிரின் அளவைக் காட்டுகிற பெட்டியைப் பார்த்தேன். ஒன்று என்றுதான் காட்டியது. எப்போதும் காட்டுகிற எண் அதுதான். பெட்டி சரி, நான்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு துணியை வெயிலில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் துணி விறைத்திருந்தது. மறுநாளும் சொல்லவில்லை.

கண்டக்குழியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு மீன் கம்பெனியில் அப்போது எனக்குக் கழுவித் துடைக்கிற வேலை. ஆறு குளிர் அறைகள். ஐந்தில் மீனும் இறாலும் கல்லாக உறைந்து கிடக்கும். நாலாம் அறை மட்டும் வேறு. கொழும்பு ஹோட்டல்களுக்குப் போகிற பச்சை மீன் அங்கே இருக்கும். அது குளிர வேண்டும், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் மீனின் கண் வெளுத்துவிடும், சதை தளர்ந்துவிடும், வாங்குகிறவர்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெட்டிகளில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, எண்கள் தெரியும். தெரிந்ததையும் வாய்விட்டுச் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. என்னோடு வேலை செய்த மச்சாள் எல்லோருக்கும் முன்னால் பகிடி பண்ணுவாள். “இவள்ட வாயும் நாலாம் அறைதான். அடிக்கடி திறந்தா மீன் பழுதாப் போயிடும்.” நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கிறபோது வாயைத் திறக்கத் தேவையில்லையே.

குளிர் மெசின்களைப் பார்த்துக்கொண்டவர் மதுரங்குளியிலிருந்து வருகிற மெக்கானிக் நானா. கம்பெனியில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அண்ணன் முறையாக அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் என்னைவிட வயது குறைந்தவர், என்னை அக்கா என்பார். ஏணியில் ஏறினால் தனக்குத்தானே கதைத்துக்கொண்டே வேலை செய்வார். முன்பெல்லாம் ஒவ்வொரு அறையாகப் போய், ஒவ்வொரு பெட்டியிலும் விரலால் அமர்த்தி அமர்த்தி எண்களை வைப்பார். அதற்கே அரைநாள் போகும். அந்த வருடம்தான் புதிய பெட்டிகள் வந்தன. ஆறையும் ஒரே வயரால் இணைத்திருந்தார்கள். முதலாம் அறைப் பெட்டியில் எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டு, ஒரு பட்டனை அமர்த்திப் பிடித்தால், அதில் இருக்கிறதெல்லாம் வயர் வழியே மற்ற ஐந்து பெட்டிக்கும் போய் உட்கார்ந்துவிடும். நான் துடைப்பத்தோடு நின்று வாய் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்: “வகுப்பில ஒருத்தன்ட கொப்பியப் பாத்து மத்தவங்க எழுதுற மாதிரித்தான் அக்கா. ஆனா இதுக்கு அடி விழாது.”

தலவில திருவிழா நாட்களில் எங்கள் பக்கத்துத் தோணிகள் கடலுக்குப் போகமாட்டா. குடும்பம் குடும்பமாக அன்னம்மாள் கோயிலடியில் கொட்டில் போட்டு இருந்துவிடுவார்கள். மீன் வராத அந்த நாட்களில்தான் கம்பெனி எல்லா அறைகளையும் நிறுத்தி, ஐஸ் கரைத்து, கழுவும். திருவிழா முடிந்து தோணிகள் இறங்குகிற அன்றைக்கே ஆறு அறைகளும் குளிர்ந்திருக்க வேண்டும். அதனால் நானா அவசர அவசரமாக வந்தார். முதலாம் அறைப் பெட்டியில் எண்களை வைத்தார், பட்டனை அமர்த்தினார், மற்ற ஐந்துக்கும் போனது. பிறகு நினைவாக நாலாம் அறைக்கு வந்து, உறையவைக்கிற எண்ணை மாற்றி ஒன்று என்று வைத்தார். நான் பக்கத்தில் நின்று நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் செய்தார் என்று நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் துணி விறைத்தது. மூன்றாம் நாள் கொழும்புக்குப் போன மீன் அப்படியே திரும்பி வந்தது. உறைய வைத்த மீனைப் பச்சை மீன் என்று அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஏச்சு வேறு. மனேஜர் பெட்டியைப் பார்த்தார், ஒன்று என்று காட்டியது. அவர் என்னைக் கூப்பிட்டார். பெட்டிகளைத் துடைப்பதும் நான்தானே. ஈரத்துணியால் துடைக்கையில் பட்டனை அமர்த்திவிட்டு, பிறகு பயத்தில் பழையபடி வைத்திருக்கிறேன் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். “மெக்கானிக் வந்து பாக்கட்டும். பட்டன் அமத்துப்பட்டிருக்கு எண்டு அவர் சொன்னா, நாளையிலிருந்து நீங்க வரத் தேவையில்ல” என்றார். நான் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனுசனுக்கு முதுகு ஏலாமல் போய், கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்த காலம் அது. மகள் புத்தளத்தில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழி இல்லை. அது தெரிந்திருந்தும் வாயைத் திறக்க வரவில்லை.

நானா மத்தியானம் வந்தார். வழக்கமாக இறங்கும்போதே ஏதாவது பகிடி விடுகிறவர், அன்று ஒன்றும் கதைக்கவில்லை. மனேஜர் தன் கதையைச் சொன்னார். நானா கேட்டுக்கொண்டே பெட்டிக்கு முன்னால் நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, “அக்கா, நீங்கதானே தினமும் உள்ளுக்குப் போறீங்க. பெட்டிய விடுங்க. உங்களுக்கு என்ன தெரிஞ்சது?” என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மனேஜரும் கேட்கவில்லை. நான் கதவைத் திறந்து உள்ளே போய், ஆணியிலிருந்த துணியை எடுத்து வந்து நீட்டினேன். என் குரல் எனக்கே கேட்காத மாதிரித்தான் வந்தது. “முந்தி இது விறைக்காது நானா. திருவிழாவுக்குப் பிறகுதான் இப்பிடி. சுவரடியில தண்ணியும் ஐஸ் ஏடு கட்டுது.”

அவர் துணியை வாங்கித் தட்டிப் பார்த்தார். வேனிலிருந்து ஒரு கண்ணாடி வெப்பமானியைக் கொண்டுவந்து அறையின் நடுவில் கட்டித் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார். தேத்தண்ணி குடிக்கிற நேரம் காத்திருந்தோம். திறந்தபோது வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே இரண்டு காட்டியது. வெளியே பெட்டி ஒன்று என்றே காட்டிக்கொண்டிருந்தது. மனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நானா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியில் கையை வைத்தபடி நின்றார். கனநேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

“சேர், இது அக்காட பிழ இல்ல. என்ட பிழ.”

மற்றதை எனக்கும் விளங்குகிற மாதிரி அவர் சொன்னார். அந்த அறையில் குளிரை அளக்கிற கம்பி கதவோரம் இருக்கிறது. வெளிச்சூடு படுவதால் அது எப்போதும் மூன்று பாகை கூட்டித்தான் சொல்லும். அதனால் மூன்றைக் கழித்துக் கணக்கெடு என்று நாலாம் பெட்டிக்கு மட்டும் அவர் தனியாகச் சொல்லி வைத்திருந்தார். முதலாம் பெட்டிக்கு அப்படி ஒன்றும் தேவையில்லை. முதலாம் பெட்டியில் இருந்ததை எல்லாவற்றுக்கும் அனுப்பியபோது, அந்தக் கழிக்கிற கணக்கு நாலில் அழிந்துபோனது. வெளியே தெரிகிற எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். “பக்கத்துப் பிள்ளைட கொப்பியப் பாத்து எழுதி, அவன்ட பேரையும் சேத்து எழுதிட்டன் சேர்” என்றார்.

மூன்றைக் கழிக்கிற கணக்கைத் திரும்ப வைத்தார். நாலாம் பெட்டிக்கு வருகிற வயரை எடுத்துவிட்டு, இனி இதைக் கையால்தான் வைக்க வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதச் சொன்னார். என்னைத்தான் எழுதச் சொன்னார். ‘இந்த அறை வேறு. மற்றதைப் பார்த்து வைக்க வேண்டாம்.’ ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினேன். மனேஜர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு பல வருடம் போனேன். நானா வரவில்லை. கம்பெனி அந்த வேலையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது என்று பிறகு மச்சாள் சொன்னாள். அவருக்கு நான் ஒரு நன்றியும் சொல்லவில்லை. சொல்ல நினைத்து நினைத்து, நாட்கள் வருடங்களாகிவிட்டன.

மகள் இப்போது டீச்சர். போன வருடம் அவளோடு சிலாபம் போகிற வழியில், மதுரங்குளியில் பஸ்ஸை விட்டு இறங்குவோம் என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கேட்டுக் கேட்டுப் போனோம். சந்திக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு சிறிய கடை, வாசல் நிறையப் பழைய பிரிஜ்கள். நானாவின் தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். நான் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “நானா, அண்டைக்கு நீங்க உண்மையச் சொன்னபடியாத்தான் இவள் படிச்சவள்.”

அவர் கையிலிருந்த திருகாணியை உருட்டிக்கொண்டு இருந்தார். “என்னைப் பெரிய மனுசனா நினைச்சிக்கிட்டு இரிக்கிறீங்க அக்கா. வேன்ல வரக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு, நான்தான் எங்கயோ பிழ விட்டிரிக்கன் எண்டு. பட்டன் அமத்துப்பட்டுட்டு எண்டு சொல்லிட்டுப் போயிருவம் எண்டுதான் வந்தன். சும்மா பேருக்குத்தான் உங்கக்கிட்ட கேட்டன். வாய் திறக்காத மனுசி, ஒண்டும் சொல்லமாட்டாங்க எண்டு நினைச்சன். நீங்க சொல்லிட்டீங்க. அதுக்குப் பொறகு எனக்குப் பொய் சொல்ல ஏலாமப் போச்சு.”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அது புதிய செய்தி இல்லை. தெரியாமல் தேடுகிற மனிதர் அங்கும் இங்கும் பார்ப்பார். அன்று பெட்டிக்கு முன்னால் அவர் அசையாமல் நின்றார். விறைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அந்த முதுகைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியது.

“தெரியும் நானா” என்றேன். “நான் வாயத் திறக்க ரெண்டு நாள் எடுத்தன். நீங்க அஞ்சு நிமிசத்தில சொல்லிப்போட்டீங்க.”

அவர் எழும்பிப் போய், எங்களுக்கு உட்கார இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார்.