அத்தையின் காலும் படிக்கிணறும்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தறி நெய்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் குடிதண்ணீர் ஒரே படிக்கிணறுதான். படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுதான் குடத்தை முக்கி எடுக்க வேண்டும். கோடை வந்தால் ஊரில் பலர் காலில் நரம்புச் சிலந்தி கிளம்பிவிடும். முதலில் ஒரு கொப்புளம். அது உடைந்து, வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார்கள். அப்பாவுக்கு வந்த வருஷம் தறிக்குழியில் கால் வைக்க முடியாமல், வீட்டில் அரைவயிற்றுக் கஞ்சிதான். வெயில்போல அதுவும் வரும், போகும் என்று இருந்தோம்.

ஒரு பங்குனியில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, அசுத்த ஜலத்தினால் வியாதி உற்பத்தியாகிறது என்று நெடுநேரம் பேசினார். ஜலம் என்றால் தண்ணீர் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கியது. அசுத்தம் என்பதும் விளங்கியபோது ஊர்ப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க பாட்டன் முப்பாட்டன் குடிச்ச தண்ணிங்க. அதப் போயி அழுக்குங்கறீங்களே!"

கூட்டம் கலைந்தது. பிறகு அவர் வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டில் அத்தை சிலந்திப் புண்ணுக்காகக் காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் போனபின் எங்களோடு இருந்தாள். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள்.

மறுநாள் காலை, பெண்கள் தண்ணீருக்குக் கூடியிருந்த நேரத்தில் அத்தை கிணற்றடிக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு கறுப்பு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். அத்தை கட்டை அவிழ்த்துக் காலை அதற்குள் வைத்தாள்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு புண்ணிலிருந்து பால் பீய்ச்சியதுபோல வெள்ளையாக ஏதோ வெளியேறி, தண்ணீர் முழுக்கப் புகையாய்ப் பரவியது.

"அத்தனையும் சிலந்திக் குஞ்சு அம்மா. தண்ணியோட வயித்துக்குள்ள போனா, மறு வருஷம் கால்ல கிளம்பும்" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது அவர் ஜலம் என்று சொல்லவில்லை.

"எரிச்சல் தாங்காம நாந்தான் தெனமும் கெணத்துல கால வெச்சுட்டு நின்னனுங்க. அதத்தான் எல்லாரும் குடிச்சிருக்கறம்" என்றாள் அத்தை.

ஒருத்தி இடுப்புக் குடத்தை அப்படியே கீழே போட்டாள். ஒருத்தி ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தாள். அம்மா என் வயிற்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் ஏதோ நெளிவதுபோல் இருந்தது.

"அப்ப எங்கூட்டுக்காரரு காலுல வந்தது, உன்றதுதானா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"ஒருத்தர் கால் இல்லம்மா, புண்ணோட இறங்கின எல்லார் காலும்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் அத்தையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் சொன்னபடி, தண்ணீரை வடிகட்ட எல்லா வீட்டுக் குடத்தின் வாயிலும் மடித்த துணி ஏறியது. அடுத்த கோடைக்குள் ஊரே சேர்ந்து படிகளைக் கல் வைத்து அடைத்து, கால் படாமல் கயிற்றில் இறைக்க மேலே உருளை மாட்டியது. அத்தைக்கு மட்டும் சொந்தக்காரர் வீட்டில்கூட யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டவில்லை.

அன்று கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

"வலிக்குதா அத்தை?" என்று கேட்டேன்.

"இல்ல சாமி. தண்ணியில வெச்சதும் வலி நின்னுபோச்சு."

வலிதான் நின்றுவிட்டதே, பின் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.